வேர் ஒன்று, விகுதி வேறு

கேள்வி: செப்புக் கம்பியை அளந்துவிட்டு என் மகள் ரெக்கார்டு நோட்டில் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்து ‘ரெசிஸ்டிவிட்டி’ என்று திருத்தியிருக்கிறார். இரண்டும் மின்தடைதானே?

பதில்: இல்லை. ‘அன்ஸ்’ என்று முடிந்தால் கையில் இருக்கும் அந்தக் கம்பியின் அளவு. ‘இவிட்டி’ என்று முடிந்தால் கம்பி எந்தப் பொருளால் ஆனதோ அதன் குணம். 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள செப்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் அறை வெப்பநிலையில் சுமார் 0.017 ஓம். அதைப் பாதியாக நறுக்கினால் 0.0085 ஓம். ரெசிஸ்டிவிட்டியோ எத்தனை துண்டு போட்டாலும் சுமார் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர்தான். சந்தேகம் வந்தால் மனசுக்குள் கம்பியை நறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மாறுவது ரெசிஸ்டன்ஸ்.

மதிப்பெண் போவது பெரும்பாலும் அலகில். ரெசிஸ்டிவிட்டிக்கு ‘ஓம் பெர் மீட்டர்’ என்று எழுதிவிடுவார்கள். மின்தடையைப் பரப்பால் பெருக்கி நீளத்தால் வகுக்கிறோம்; சதுர மீட்டரில் ஒரு மீட்டர் அடிபட்டு, மிச்ச மீட்டர் மேலேயே நிற்கிறது. ஆகவே ஓம் பெருக்கல் மீட்டர். இதன் தலைகீழான கண்டக்டிவிட்டிக்கு (மின்சாரத்தைக் கடத்தும் குணத்துக்கு) அலகு சீமென்ஸ் பெர் மீட்டர். அங்கே ‘பெர்’ சரி என்பதால்தான் இங்கேயும் கை தானாக எழுதிவிடுகிறது.

இந்த விகுதிக் கணக்கை எல்லாவற்றுக்கும் நீட்ட வேண்டாம். கெப்பாசிட்டன்ஸுக்கு (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு) இணையான பொருட்குணம் பெர்மிட்டிவிட்டி, இன்டக்டன்ஸுக்கு (மின்னோட்டம் மாறுவதைக் கம்பிச்சுருள் எதிர்க்கும் அளவு) பெர்மியபிலிட்டி. வேரே மாறிவிடுகிறது.

கேள்வி: ஸ்டோர் ரூம் கதவில் ‘நோ அட்மிஷன்’ என்று எழுதுவதா, ‘நோ அட்மிட்டன்ஸ்’ என்று எழுதுவதா?

பதில்: உள்ளே கால் வைக்காதே என்பதற்கு அட்மிட்டன்ஸ். பள்ளி வாசலில் ‘நோ அட்மிஷன்’ என்று மாட்டினால் சீட் தீர்ந்துவிட்டது என்றுதான் பெற்றோர் படிப்பார்கள். கல்லூரிச் சேர்க்கை, ஆஸ்பத்திரியில் படுக்கை, நுழைவுக் கட்டணம், தப்பை ஒப்புக்கொள்வது எல்லாமே அட்மிஷன். (மின்பொறியாளர்களின் அட்மிட்டன்ஸ் வேறு கதை. அது இம்பீடன்ஸின், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு எதிரான மொத்தத் தடையின், தலைகீழ். ஆங்கிலேய மின்னியல் அறிஞர் ஆலிவர் ஹெவிசைடு 1887இல் வைத்த பெயர்.) உங்கள் கதவுக்கு ‘நோ என்ட்ரி’ போதும், யாரும் நின்று யோசிக்க மாட்டார்கள்.

கேள்வி: டிபென்டன்ஸ், டிபென்டன்சி?

பதில்: பன்மையாக்கிப் பாருங்கள். எண்ணக்கூடியது என்றால் டிபென்டன்சி: ஒரு மென்பொருள் நம்பியிருக்கும் வேறு நிரல்கள், பிரிட்டிஷ் அரசுரிமையின் கீழுள்ள ஜெர்சி, கெர்ன்சி, மேன் தீவு. எண்ண முடியாத நிலை என்றால் டிபென்டன்ஸ். மதுவுக்கு அடிமையாவதை மருத்துவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். உங்களைச் சார்ந்திருக்கும் ஆள் ‘டிபென்டன்ட்’. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்த ஆளைக் குறிக்கும்போது கடைசி அசையில் ‘ஏ’ எழுத்து, அமெரிக்க ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘இ’.