செயின்சா செயின் பத்தி கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்

வணக்கம் மக்களே. பெங்களூர் சிவாஜிநகர் பக்கம் சின்ன டூல்ஸ் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். ஏப்ரல், மே-ல கோடை மழை அடிச்சா இங்க குல்மோகரும் தூங்குமூஞ்சியும் ரோட்டுல சாயும், மறுநாளே மெஷினா வந்து கடைல குவியும். முக்காவாசி மெஷின்ல இன்ஜின் நல்லாத்தான் இருக்கும், செயின்தான் மொட்டை. அதனால இன்னைக்கு செயின் பத்தி மட்டும். கேட்டவங்க ஏரியா பேர முன்னாடி போட்டிருக்கேன், கீழ என் பதில்.

கோரமங்களா, தோட்டம் ஓசூர் பக்கம்: அண்ணே, எஸ்.ஜே.பி. ரோட்ல 20 இன்ச் செயின் வாங்கினேன், என் மெஷினும் 20 இன்ச்தான். மாட்டினா தொளதொளன்னு தொங்குது. கடைக்காரன் ஏமாத்திட்டானா?

ஏமாத்தல தம்பி, நீங்க கேட்ட விதம்தான் தப்பு. செயின 'இன்ச்' சொல்லி வாங்கக் கூடாது, அது பாரோட, அதாவது செயின் சுத்தி ஓடுற நீளத் தகடோட, நீளம். செயினுக்கு மூணு கணக்கு. ஒண்ணு பிட்ச், அடுத்தடுத்த மூணு ரிவெட்டுக்கு நடுவுல அளந்து பாதியாக்கினா வர்றது, 0.325 இன்ச், 3/8 இன்ச் இந்த மாதிரி. ரெண்டாவது கேஜ், பாரோட பள்ளத்துக்குள்ள ஓடுற டிரைவ் லிங்க்கோட தடிமன், 0.050 இன்ச், 0.058 இன்ச்னு வரும். மூணாவது டிரைவ் லிங்க் எத்தனை. ஒரு லிங்க்ல சாக்பீஸ் வச்சு எண்ணிடுங்க. பல பார்ல பின்பக்கமே இது அடிச்சிருக்கும், துணியால தொடச்சா தெரியும். உங்களுக்கு எண்ணிக்கை கூடிருச்சுன்னு நினைக்கிறேன். மூணுல ஒண்ணு மாறினாலும் நம்ம ஊரு 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க) இங்க செல்லாது.

அல்சூர்: சார், செயின் மாட்டுறதுல டென்ஷன் எவ்ளோ வைக்கணும்? டைட்டா வச்சா நல்லதா லூஸா வச்சா நல்லதா?

முதல்ல பிளக் கேப்ப கழட்டுங்க, பேட்டரி மெஷின்னா பேட்டரிய எடுத்துடுங்க, கைக்கு தடி கிளவுஸ். இத நான் சொல்றதுக்கு யோக்கியதை இருக்கு, வெறுங்கையோட 'ஓடாத செயின்தானே'ன்னு பிடிச்சு கட்டை விரல்ல நாலு தையல் வாங்கினவன் நான். செயின் பிரேக்க (ஓடுற செயின சட்டுன்னு நிறுத்துற பிரேக்) ரிலீஸ் பண்ணிட்டு கவர கழட்டுங்க, சில மாடல்ல பிரேக் பட்டை கவருக்குள்ளயே இருக்கும், பிரேக் போட்டபடி கழட்டினா திரும்ப உட்காராது, அப்புறம் சுத்தியல் எடுப்பீங்க, அதோட மெஷின் என் கடைக்கு வரும். மாட்டுறப்ப பாரோட மேல் பக்கம் இருக்குற பல்லு மூக்கப் (பாரோட முன் முனை) பாத்து இருக்கணும். திருப்பி மாட்டிட்டா மரம் வெட்டாது, புகைதான் வரும்.

டென்ஷனுக்கு, நட்ட கையால மட்டும் திருகி விட்டுட்டு பாரோட மூக்க மேல தூக்கிப் பிடிங்க, தூக்கினபடியே டென்ஷன் ஸ்க்ரூவத் திருப்பி, தூக்கினபடியே நட்ட டைட் பண்ணுங்க. தூக்காம டைட் பண்ணினா ரெண்டு கட் போட்டதுமே லூஸ் ஆயிடும். அடிப்பக்கம் தொங்கக் கூடாது, அதே நேரம் கையால இழுத்தா தடையில்லாம ஓடணும், அவ்ளோதான். புது செயின்ன ராத்திரியே ஆயில்ல ஊறப் போட்டுட்டு, காலைல ரெண்டு மூணு நிமிஷம் மெதுவா ஓட்டி நிறுத்தி திரும்பப் பாருங்க, கண்டிப்பா தளர்ந்திருக்கும். வேலை நடுவுல சூட்டுல டைட் பண்ணிருந்தா, முடிஞ்சதும் லூஸ் பண்ணிட்டு வைங்க. ஆறினா செயின் சுருங்கி பாரையும் கிராங்க் பேரிங்கையும் இழுத்துக் கெடுத்துடும்.

மாரத்தஹள்ளி: அண்ணா, எங்க வீட்டுக்காரர் பைக்ல இருந்து எடுத்த பழைய ஆயில செயினுக்கு ஊத்துறாரு, காசு மிச்சமாம். சரியா?

மிச்சமில்ல மா. அதுல இரும்புத் தூள் இருக்கு, பாரையும் ஆயில் பம்பையும் தேச்சுடும், செயின் ஓடுறப்ப மூஞ்சி மேலயும் தெறிக்கும், பழைய ஆயில் அடிக்கடி தோல்ல பட்டா கேன்சர் வரைக்கும் கொண்டு போகலாம். பார் ஆயில்னு தனியா ஒட்டுற தன்மையோட வருது, கிடைக்கலன்னா புது 30 நம்பர் இன்ஜின் ஆயில் ஒரு நாளைக்கு சமாளிக்கும். ஆயில் வருதான்னு பாக்க மூக்க ஒரு வெள்ளை அட்டைக்கு நேரா, தொடாம பிடிச்சு ஆக்ஸிலேட்டர் குடுக்கச் சொல்லுங்க, அட்டைல ஆயில் கோடு விழணும். விழலன்னா பள்ளத்துல மரத்தூள் அடைச்சிருக்கும்.

வைட்ஃபீல்ட்: அண்ணே நானே அரம் போட்டு ராவுறேன், பல்லு பளபளன்னு இருக்கு, தொட்டா கையக் கிழிக்குது, ஆனா மரம் அறுக்க மாட்டேங்குது. ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஒரு கதை சொல்லிட்டு வர்றேன். 1946-ல அமெரிக்காவுல ஒரேகான்ல மரம் வெட்டுற ஜோ காக்ஸ்ங்கிறவர் ஒரு கட்டைக்குள்ள வண்டுப்புழு மரத்த அரிக்கிறதப் பாத்தாரு. இடமும் வலமுமா தாடை அசைச்சு நார் நாரா சுரண்டுது. அதப் பாத்துதான் இப்ப நாம ஓட்டுற மாதிரி இடப் பல்லு, வலப் பல்லு மாறி மாறி வர்ற செயினச் செஞ்சாரு, 1947-ல விக்க ஆரம்பிச்சாரு. அதாவது பல்லு மரத்தக் கீறல, உளி மாதிரி செதுக்குது. எவ்ளோ ஆழம் செதுக்கணும்னு சொல்றது பல்லுக்கு முன்னாடி இருக்குற அந்த சின்ன மேடு, டெப்த் கேஜ். நீங்க ராவ ராவ பல்லு பின்னாடி போய்க் குட்டையாகுது, மேடு அப்படியே நிக்குது. பல்லு மரத்தத் தொடுறதுக்கு முன்னாடி மேடு தொட்டுடுது, அப்புறம் எங்க அறுக்கும்? மூணு நாலு தடவை ராவினா ஒரு தடவை டெப்த் கேஜ் அளக்குற தகடு வச்சு மேட்ட தட்டை அரத்தால குறைங்க, வீட்டு மெஷினுக்கு பொதுவா பல்லு விட 0.65 மில்லி கீழ. ஆசைப்பட்டு ரொம்பக் குறைச்சா செயின் வெறி பிடிச்ச மாதிரி கடிச்சு இழுக்கும், உதைக்கவும் செய்யும்.

அரம் சைஸும் முக்கியம். 0.325 பிட்சுக்கு 4.8 மில்லி உருண்டை அரம், சின்ன 3/8 லோ புரொஃபைலுக்கு (உயரம் கம்மியான பல்லு) 4 மில்லி. பெரும்பாலான செயினுக்கு 30 டிகிரி, உள்ள இருந்து வெளிய தள்ளுறப்ப மட்டும் அழுத்தம், திரும்ப இழுக்குறப்ப அரத்தத் தூக்கிடுங்க. எண்ணி எல்லா பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. தூள் மாவு மாதிரி விழுந்தா மொட்டை, சிலாம்பு மாதிரி செதிலா விழுந்தா கூர்.

ஃபிரேசர் டவுன்: என்னோடது ஒரு பக்கமா வளைஞ்சு அறுக்குதே அண்ணே?

வலக்கைக்காரங்களுக்கு ஒரு பக்கப் பல்லு நல்லா வரும், மறுபக்கம் சோப்ளாங்கி. கூரான பக்கமா இழுக்கும். சரி பண்ணியும் வளைஞ்சா பார் தண்டவாளம் ஒரு பக்கம் தேஞ்சிருக்கு, செயின் மாத்துறப்பல்லாம் பாரத் திருப்பிப் போடுங்க. ரெண்டு செயின் தேஞ்சா ஸ்ப்ராக்கெட்டையும் (செயின ஓட்டுற பல் சக்கரம்) மாத்திடுங்க.

எலக்ட்ரானிக் சிட்டி: ஆன்லைன்ல ஆங்கிள் கிரைண்டர்ல மாட்டுற செயின்சா செட் சீப்பா கிடைக்குதே?

வேண்டாம். அதுல செயின் பிரேக் கிடையாது, ஸ்பீடும் சுவிட்சும் இதுக்குன்னு செஞ்சது இல்ல. வாங்கி வச்சிருந்தா தூக்கிப் போடுங்க, கோபப்பட்டாலும் பரவால்ல.

ஜெயநகர்: அபார்ட்மென்ட்ல சில்வர் ஓக் கிளை ஒண்ணு கரண்ட் கம்பிக்கிட்ட வந்துருச்சு. ஏணி போட்டு நானே வெட்டலாமா?

ஏணி மேல செயின்சா, அதுவும் கம்பிக்கிட்ட, தொடவே கூடாது. கம்பிக்கு பெஸ்காம் (பெங்களூர் கரண்ட் கம்பெனி) 1912-க்குப் போன் பண்ணுங்க. மரத்தையே வெட்டுறதா இருந்தா கர்நாடக மர பாதுகாப்புச் சட்டம் 1976 படி பல மரத்துக்கு ட்ரீ ஆபீசர் அனுமதி வேணும், சொந்த காம்பவுண்டுக்குள்ள இருந்தாலும்; சில்வர் ஓக் மாதிரி சில வகைக்கு விலக்கு உண்டு, கேட்டுக்குங்க.

தரைல நின்னு விழுந்த கிளைய அறுக்குறப்பவும் ஒண்ணு ஞாபகம் வைங்க, பாரோட மூக்கு மேல்முனை எங்கயாவது பட்டா மெஷின் சட்டுன்னு மூஞ்சிக்கு எகிறும். இடது கைக் கட்டை விரல் கைப்பிடிய சுத்திப் பிடிச்சிருக்கணும், மெஷினுக்கு நேர் பின்னாடி தலை இருக்கக் கூடாது, தோளுக்கு மேல தூக்கி அறுக்கக் கூடாது. ஸ்டார்ட் பண்றப்ப தரைல வச்சு பின் கைப்பிடிக்குள்ள ஷூ முனைய விட்டு மிதிச்சுக்கிட்டு, பிரேக் போட்டு, அப்புறம் கயிறு இழுங்க. சினிமா ஹீரோ மாதிரி காத்துல ஆட்டி ஸ்டார்ட் பண்றவர கடைப்பக்கம் பாத்தா நானே மெஷினப் பிடுங்கிருவேன்.