ஸ்டென்ட் வைத்தவர் பச்சைக் கடற்பாசி கேப்ஸ்யூல் சாப்பிடலாமா?

கேள்வி: வயது 58. ஒன்பது மாதத்துக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) வைத்தார்கள். ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75, அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. சாப்பிடுகிறேன். பச்சைக் கடற்பாசிச் சாற்று கேப்ஸ்யூல் கொழுப்பைக் குறைக்கும், ரத்தம் உறையாமலும் காக்கும் என்கிறார்கள். மாத்திரைகளை விட்டுவிட்டு அதை எடுக்கலாமா?

பதில்: மாத்திரைகளை ஒரு நாளும் விடாதீர்கள். திடீரென நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம். எதை, எப்போது நிறுத்துவது என்பதை உங்கள் இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேப்ஸ்யூலில் இருப்பதாகச் சொல்வது பெரும்பாலும் 'உல்வான்'. உல்வா என்னும் பச்சைப் பாசியின் செல்சுவரில் உள்ள கூட்டுச் சர்க்கரை இது. இதில் ராம்னோஸ், சைலோஸ், குளுகுரோனிக் அமிலம் ஆகியவற்றோடு சல்பேட்டும் ஒட்டியிருக்கும். அந்தச் சல்பேட்டால் ஓரளவு ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போல நடந்துகொண்டு, சோதனைக் குழாயில் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. எலிகளுக்குக் கொடுத்தபோது கெட்ட கொழுப்பும் குறைந்தது. பித்த அமிலங்கள் மலத்தோடு கூடுதலாக வெளியேறியது அதற்கு ஒரு காரணம்.

ஆனால் உல்வானை நம் குடல் நொதிகளால் செரிக்க முடியாது. பெரிய மூலக்கூறு என்பதால் ரத்தத்தில் எளிதாகச் சேராது. பெரும்பகுதி நார்ச்சத்தாகவே கடந்து போகும். பாசியை வெந்நீரில் வேகவைத்து, வடிகட்டி, எத்தனால் விட்டுப் படியவைத்துத்தான் இதை எடுக்கிறார்கள். வெப்பமோ அமிலமோ கூடினால் உல்வானின் நீண்ட சர்க்கரைச் சங்கிலி துண்டாகும். பறித்த பருவம் மாறினால் சல்பேட் அளவும் மாறும். துண்டான சிறு சங்கிலிகள் வேறு மாதிரி வேலை செய்யக்கூடும். ஆகவே லேபிளில் '500 மி.கி.' என்று மட்டும் இருந்தால் உள்ளே எது இருக்கிறதென்று சொல்ல முடியாது. ஏற்கெனவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்ற இரண்டு மருந்துகள் ரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டியிருக்கும் உங்களுக்கு இது வேண்டாத சூதாட்டம். சாப்பிடத் தொடங்கியிருந்தால் நிறுத்துங்கள். மலம் கறுத்துப் போனாலோ ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உல்வா கழிவுநீர் கலக்கும் கரைகளில் செழித்து வளரும். ஈயம், காட்மியத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். கன உலோகச் சோதனை அறிக்கை இல்லாத பொடியை யாருமே வாங்க வேண்டாம். (ஃபலூடாவில் போடும் 'கடல்பாசி' வேறு. அது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் அகர், அதைச் சாப்பிடலாம்.)

நார்ச்சத்தால் கொழுப்பைக் குறைக்க வேண்டுமென்றால், மனிதர்களிடம் நன்கு சோதித்துப் பார்த்த இசப்கோல் இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, காலையும் இரவும் 5 கிராம், ஒவ்வொரு முறையும் 250 மி.லி. தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.