ஜெர்சித் தீவில் குடியேறியவர்களின் கேள்விகள்: வீட்டுக்கு 10 ஆண்டுகள், வாக்குக்கு 2 ஆண்டுகள்

கேள்வி: ஜெர்சித் தீவில் எனக்குச் செவிலியர் பணி கிடைத்திருக்கிறது. எனக்குத் தரப்போவது ‘லைசென்ஸ்டு’ அட்டை என்கிறார்கள். அதன் பொருள் என்ன? என் கணவரும் அங்கே வேலை பார்க்க முடியுமா?
– வாசகி, மதுரை

பதில்: பிரான்சுக் கரையை ஒட்டிய ஜெர்சி, பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்டது. ஆனால் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அன்று. தனக்கென நாடாளுமன்றமும் வரியும் சட்டங்களும் வைத்திருக்கிறது. ஏறத்தாழ 118 சதுர கிலோமீட்டர் நிலத்தில், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1,03,267 பேர் வாழ்கிறார்கள். இடநெருக்கடி காரணமாக, யார் எந்த வீட்டில் குடியிருக்கலாம், எந்த வேலையில் சேரலாம் என்பதை 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தகுதி அட்டைகள் வழியே கட்டுப்படுத்துகிறது.

‘லைசென்ஸ்டு’ என்பது, தீவுக்கு இன்றியமையாத பணி என்று அரசு ஏற்றுக்கொண்ட வேலைக்கு வருபவருக்கான வகை. அந்த வேலையில் நீங்கள் நீடிக்கும்வரை பொதுச் சந்தையில் வீட்டை வாடகைக்கு எடுக்கலாம். வசதியிருந்தால் வாங்கவும் செய்யலாம். உங்கள் கணவர் என்ற முறையில் அவருக்கு வேலைத் தகுதி அட்டை கிடைக்கும். விசாவில் தடை இல்லாவிட்டால் எந்த நிறுவனத்திலும் அவர் சேரலாம். இந்த வகைகளில் அடங்காமல் புதிதாக வருபவருக்கு ‘ரெஜிஸ்டர்டு’ அட்டைதான். அவர் விடுதி அறை போன்ற குறிப்பிட்ட இருப்பிடங்களில் மட்டுமே தங்கலாம். தொடர்ந்து 5 ஆண்டுகள் வாழ்ந்தபின் வேலைக்கான தடையும், 10 ஆண்டுகளுக்குப் பின் வீட்டுக்கான தடையும் அவருக்கு நீங்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் வீட்டு உரிமை உங்கள் வேலையோடு பிணைக்கப்பட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், வேலை இடையில் முடிந்தால் அட்டையும் வீடும் என்னவாகும் என்பதை எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: ஜெர்சியின் தலைநகர் செயின்ட் ஹீலியரில் 3 ஆண்டுகளாக வசிக்கிறோம். எங்களிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. வந்த இடத்தில் அரசியலைவிட்டு ஒதுங்கி இருப்பதுதானே முறை?
– வாசகர், ஜெர்சி

பதில்: இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். ஒதுங்கியிருக்கும்படி அந்தத் தீவே உங்களைக் கேட்கவில்லை. ஜெர்சியில் 16 வயது நிறைந்து, தொடர்ந்து 2 ஆண்டுகள் வசித்த எவரும் வாக்களிக்கலாம். எந்த நாட்டுக் குடிமகன் என்று யாரும் கேட்பதில்லை. இங்கிலாந்தில் இந்தியர்கள் வாக்களிப்பது காமன்வெல்த் உறவால். ஜெர்சியில் அதுவும் தேவையில்லை; போலந்துக்காரருக்கும் மதெய்ராவிலிருந்து வந்த போர்த்துக்கீசியருக்கும் உங்களுக்கும் ஒரே விதிதான். இதனால் இந்தியக் குடியுரிமை போய்விடுமோ என்ற அச்சமும் வேண்டாம். வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்றால்தான் அது பறிபோகும், வாக்களிப்பதால் போகாது.

வரிசையைக் கவனியுங்கள்: வாக்குரிமை 2 ஆண்டுகளில், வேலை உரிமை 5 ஆண்டுகளில், வீட்டு உரிமை 10 ஆண்டுகளில். அதாவது, தகுதி அட்டையின் கட்டுப்பாட்டுக்குள் வாழும் காலத்தின் பெரும்பகுதியில் ஒருவர் வாக்காளராகவும் இருக்கிறார். அந்த அட்டையின் விதிகளையும், வாடகைதாரருக்கான பாதுகாப்பையும், மருத்துவரைப் பார்க்கக் கொடுக்கும் கட்டணத்தில் அரசு ஏற்கும் பங்கையும் தீர்மானிப்பவர்கள் அந்த வாக்கால் தேர்வாகும் உறுப்பினர்கள்தாம். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் டெபுடிகள் எனப்படும் தொகுதி உறுப்பினர்கள் 37 பேரும், தீவின் உள்ளாட்சிப் பிரிவுகளான 12 பாரிஷ்களின் தலைவர்களும் என 49 பேர் அவைக்குச் சென்றார்கள். பெரும்பாலோர் கட்சி சாராதவர்கள்; ‘ரிஃபார்ம் ஜெர்சி’ கட்சி 10 இடங்களைப் பெற்றது. கட்சிக் கட்டுப்பாடு இல்லாத அவையில் ஒவ்வொரு உறுப்பினரின் மனமாற்றமும் எடையுள்ளது. 2024 ஜனவரியில் முதலமைச்சர் கிறிஸ்டினா மூர் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றுப் பதவியிழக்க, லிண்டன் ஃபார்ன்ஹாமை அவை தேர்ந்தெடுத்தது.

புதிய பொது மருத்துவமனையின் கதையையும் எண்ணிப் பாருங்கள். பீப்பிள்ஸ் பார்க்கில் கட்டும் யோசனை 2016இல் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது; கிளாஸ்டர் தெருத் திட்டத்துக்குக் கட்டட அனுமதி இருமுறை மறுக்கப்பட்டது; 2020இல் ஓவர்டேல் என்ற இடம் தேர்வானது. அந்த மருத்துவமனையைப் பயன்படுத்தப் போகிறவர்களில் நீங்களும் உண்டு. 2022இல் வாக்காளர்களில் பாதிக்கும் குறைவானவர்களே வாக்களித்தார்கள் என்பதால், உங்கள் குடும்பத்தின் வாக்குகள் சிறியவை அல்ல. பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாரிஷ் மண்டபத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மார்ச்சில் வீட்டைக் காலி செய்துவிட்டேன். ஆண்டு முழுவதற்கும் பாரிஷ் வரி கேட்கிறார்கள். இது சரியா?
– வாசகி, ஜெர்சி

பதில்: சரிதான். உரிமையாளருக்கு ஒரு வரி, குடியிருப்பவருக்கு ஒரு வரி என்று இரண்டு உண்டு. ஜனவரி 1 அன்று குடியிருந்தவரே குடியிருப்போர் வரியை முழு ஆண்டுக்கும் கட்ட வேண்டும். ஆகவே ஆண்டின் இறுதியில் வீடு மாறுபவர்கள் அந்தத் தேதியை மனத்தில் கொள்ள வேண்டும். வரி கட்டுபவர் என்பதால் பாரிஷ் சபைக் கூட்டத்தில் அமரவும் கை உயர்த்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. வரி விகிதத்தை நிர்ணயிப்பது அந்தக் கூட்டம்தான். சென்று அமருங்கள். தமிழ்நாட்டுக் கிராம சபையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்தக் கூட்டம் அந்நியமாகத் தோன்றாது.

கேள்வி: என் தம்பி ஜெர்சியில் உருளைக்கிழங்குப் பண்ணையில் பருவகால வேலை செய்கிறான். அவனுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் கேள்வி என்னை வருத்துகிறது, ஏனெனில் மேலே நான் புகழ்ந்த விதி அவரைச் சென்றடைவதில்லை. பண்ணை வேலைக்கான பருவகால அனுமதி ஓராண்டில் 9 மாதங்களைத் தாண்டுவதில்லை. எத்தனை முறை திரும்பி வந்தாலும் தொடர்ச்சியான 2 ஆண்டுகள் என்ற கணக்கு அவருக்கு நிறைவதில்லை. செங்குத்தான சரிவுகளில் ‘ஜெர்சி ராயல்’ கிழங்கைத் தோண்டி எடுக்கும் கைகளுக்குப் பெரும்பாலும் வாக்குச்சீட்டு இல்லை.

ஆயினும் வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். ஊதியம், வேலை நேரம், விடுப்பு பற்றிய தகராறுகளுக்கு ஜாக்ஸ் என்ற பணியுறவு ஆலோசனை நிலையம் கட்டணமின்றி வழிகாட்டும்; தங்குமிடம் போன்றவற்றுக்குச் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தை நாடலாம். ஊதியச் சீட்டுகளையும் ஒப்பந்தத்தையும் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள். அவையின் இணைய மனு முறையில் 1,000 கையொப்பங்கள் சேர்ந்தால் அமைச்சர் பதில் கூற வேண்டும். 5,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். வாக்குள்ள தமிழர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: வேட்பாளர்கள் உங்கள் பாரிஷ் மண்டபத்துக்கு வரும் கூட்டத்தில், பருவகாலத் தொழிலாளரின் தங்குமிடத்தை யார், எப்போது சோதிக்கிறார்கள் என்று எழுந்து கேளுங்கள், பதிலைக் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்திலும் அதையே கேளுங்கள்.