ஃப்ளாஷ் அழுத்தினால் லைன் கட் ஆகிறதே, போனைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். பழைய போன் கெட்டுப்போனதால் புதிது வாங்கினோம். வெளியிலிருந்து வரும் அழைப்பை ஃப்ளாஷ் அழுத்தி உள்ளே இருப்பவருக்கு மாற்றப் பார்த்தால் லைன் கட் ஆகிவிடுகிறது. கடைக்காரரோ போனில் கோளாறே இல்லை என்கிறார். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், கடைக்காரர் சொல்வது சரியாகவே இருக்கலாம். அழைப்பை மாற்றுவது உங்கள் போன் அல்ல, சுவரில் மாட்டியிருக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ் பெட்டி, அதாவது அலுவலக போன்களையும் வெளி லைனையும் இணைக்கும் பெட்டி. ஃப்ளாஷ் பட்டன் லைனை ஒரு கணம் துண்டித்து மறுபடி சேர்க்கிறது, அவ்வளவுதான். அந்தத் துண்டிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று பெட்டி அளக்கிறது. அளவாக இருந்தால், அழைப்பை மாற்றப் போகிறீர்கள் என்று புரிந்துகொண்டு டயல் டோன் தரும். நீண்டுவிட்டால், ரிசீவரை வைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு அழைப்பையே முடித்துவிடும். ரொம்பக் குறைந்தால் கண்டுகொள்ளாது.

இந்த நேரம் போனுக்குப் போன் மாறும். 100, 300, 600 மில்லி செகண்ட் என்று பல போன்களில் தேர்ந்தெடுக்கலாம். போனைக் கவிழ்த்துப் பாருங்கள், சில மாடல்களில் அடியிலோ பக்கவாட்டிலோ நகத்தால் நகர்த்தும் அளவுக்கு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். இல்லையென்றால் புரோகிராம் பட்டன் வழியாக மாற்ற வேண்டியிருக்கும். முறை கையேட்டில் இருக்கும், போன் வந்த அட்டைப்பெட்டியோடு அதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு லைன் கட் ஆவதால் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள். அழுத்தியும் ஒன்றுமே நடக்காதவர்கள் கூட்டிப் பார்க்க வேண்டும். சோதனையை வாடிக்கையாளர் அழைப்பில் செய்யாமல், பக்கத்து மேசைக்காரரைச் செல்போனிலிருந்து கூப்பிடச் சொல்லிச் செய்யுங்கள்.

போனில் மாற்றவே வழியில்லையா? பெட்டியைப் பராமரிக்கும் டெக்னீஷியன் அந்தப் பக்கத்தில் மாற்ற முடியுமா என்று பார்ப்பார். ஃப்ளாஷ் நேரத்தை மாற்றலாம் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்துவிட்டு உண்மையில் அந்த வசதி இல்லையென்றால் அது குறைபாடுதான். பில்லோடு போய்க் கேளுங்கள். கடையில் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: எங்கள் மேலாளர் அறையில் ரீடயல் வேலை செய்வதில்லை. வங்கிக்குப் போட்டால் ‘தமிழுக்கு 1ஐ அழுத்தவும்’ என்கிறது, எத்தனை முறை அழுத்தினாலும் நகர மாட்டேன் என்கிறது. போன் போய்விட்டதா?

பதில்: இரண்டும் தனித்தனி விஷயம். வங்கிக் கதையை முதலில் பார்ப்போம். போனில் ‘டோன் / பல்ஸ்’ ஸ்விட்ச் இருக்கும். யாரோ துடைக்கும்போது அது பல்ஸுக்கு நகர்ந்திருக்கலாம். எண் அழுத்தும்போது காதில் இசைபோல் ஒலிக்காமல் ‘டக் டக்’ என்று கேட்டால் அதேதான். பல்ஸில் எண் போய்ச் சேர்ந்து மணி அடிக்கும், ஆனால் வங்கியின் இயந்திரத்துக்கு வேண்டியது டோன். ஸ்விட்சை டோனுக்குத் தள்ளிவிடுங்கள்.

ரீடயலில் சிக்கல் வேறு. வெளி லைனுக்கு 0 அல்லது 9 போடுகிறீர்கள் அல்லவா? நீங்கள் கையால் போடும்போது டயல் டோன் வரும்வரை இயல்பாகவே ஒரு நொடி நிற்பீர்கள். ரீடயல் நிற்காது, மூச்சுவிடாமல் எல்லா எண்ணையும் தள்ளிவிடும். வெளி லைன் கிடைப்பதற்குள் முதல் சில எண்கள் வீணாகிவிடும். இதற்குத்தான் பாஸ் (Pause) வசதி, எண்களுக்கு நடுவே சற்று நிற்க வைப்பது. பல போன்களில் ரீடயலும் பாஸும் ஒரே பட்டன். எண் போடும் நடுவே அழுத்தினால் அது பாஸ். முதலில் 0, பிறகு பாஸ், அப்புறம் எண் என்று ஒருமுறை போட்டுவிட்டால் அடுத்த ரீடயல் ஒழுங்காகப் போகும்.

இன்னொன்று: 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும். உங்கள் பெட்டியில் வெளி லைனும் 0 என்றால் 0, பாஸ், மறுபடி 0, பிறகு பத்து இலக்கம். ஸ்பீடு டயலில் பழைய எண்கள் கிடந்தால் அவற்றையும் திருத்திவிடுங்கள்.

கேள்வி: மியூட், ஹோல்ட் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. மியூட்டில் உங்கள் குரல் மட்டும் போகாது, அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும். அவர் பக்கம் ஒரே நிசப்தம் என்பதால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடுவார். ஹோல்ட் அழைப்பையே நிறுத்தி வைக்கும், இருவர் குரலும் போகாது. கோப்பு எடுக்க எழுந்து போவதென்றால் ‘ஒரு நிமிஷம் இருங்க’ என்று சொல்லிவிட்டு ஹோல்டில் போடுவதே மரியாதை. தயவுசெய்து உள்ளங்கையால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு பேசாதீர்கள். நீங்கள் உள்ளே சொல்வது பெரும்பாலும் அவருக்குக் கேட்கும்.

கேள்வி: நிறையப் பட்டன்கள் உள்ள பழைய கீ போன் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: உங்கள் பெட்டியும் அதே நிறுவனத்துடையதா, அந்த மாடல் இதில் ஓடுமா என்று தெரியாமல் வாங்காதீர்கள். டிஜிட்டல் கீ போன்கள் வேறு நிறுவனப் பெட்டியில் பொதுவாக உயிரே பெறாது. ஐ.பி. போன் என்றால் சாதாரண டெலிபோன் ஒயரில் ஓடாது, நெட்வொர்க் கேபிள் வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய், விற்பவரிடம் காட்டி, பொருந்தும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.