கிங்ஸ் கிராஸ்: எரிவாயுத் தொட்டிகள் கால்வாய்க்கு எந்தப் பக்கம்?

லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதிக்கான பழைய வரைபடத்திலும் புதிய வரைபடத்திலும் எரிவாயுத் தொட்டிகள் வேறு வேறு பக்கத்தில் இருக்கின்றன, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். உங்களிடம் உள்ள இரண்டு வரைபடமும் சரிதான். பழையதில் ரீஜென்ட்ஸ் கால்வாய்க்குத் தெற்கே, புதியதில் வடக்கே என்று இருப்பதற்குக் காரணம், தொட்டிகளே இடம் மாறிவிட்டன. பாரிஸ் ரயில்கள் செயின்ட் பாங்க்ரஸ் நிலையம் வரை வருவதற்கான பாதைக்கு இடம் வேண்டும் என்று, ஒன்றோடொன்று பின்னியிருந்த மூன்று தொட்டிகளின் இரும்புச் சட்டங்களை 2001-ல் கழற்றி, யார்க்‌ஷருக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்து, பல வருஷம் கழித்து வடகரையில் நிறுத்தினார்கள். 8ஆம் எண் தொட்டியும் அப்படித்தான் கரை மாறியது, ஆனால் அது தனிக் கதை. அந்த 8ஆம் எண் தொட்டியை 2015-ல் பூங்காவாகத் திறந்தார்கள்.

அளவுகோலில் பிழை இருக்குமோ என்று சந்தேகமா? கால்வாயும் 1852-ல் லூயிஸ் கியூபிட் கட்டிய தானியக் கிடங்கும் நகரவில்லை. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முதலில் இவற்றைப் பொருத்திப் பாருங்கள், பொருந்தினால் உங்கள் வேலையில் தப்பில்லை.

அப்புறம் ஒன்று. ஆய்வேட்டில் மூன்று தொட்டிகளையும் ‘பழைய கட்டடம்’ என்று எழுதிவிடாதீர்கள். பழசு வெளிச்சட்டம் மட்டும்தான், உள்ளே இருப்பது புத்தம்புது அடுக்குமாடி வீடுகள். தானியக் கிடங்கையும் இதையும் ஒரே பட்டியலில் போட்டால் தேர்வாளர் கட்டாயம் கேட்பார்.