பொண்ணுக்கு மெஷின் வேலையா என்று கேட்கும் தாய்மாமனுக்கும் சேர்த்து

அம்மா, நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தில் மகளுக்குப் பிடித்ததைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 'எந்நேரமும் லேப்டாப்பில் ஏதோ நட்டு, போல்ட்டு, பிராக்கெட் என்று வரைந்துகொண்டே இருக்கிறாள்.' மீதியில் பெரும்பகுதி உங்கள் அண்ணன் பேசி வைத்திருக்கும் மேனேஜ்மென்ட் கோட்டா கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டைப் பற்றி. நான்கு வருடத்துக்கு 12 லட்சம், அதில் 10 லட்சம் கடன், இந்த வாரத்துக்குள் முன்பணம்.

கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பலாம்தான். ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் இது. அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 10 லட்சத்தை 10 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை 13,200 ரூபாய்க்கு மேல். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். உங்களிடம் இருப்பது குடியிருக்கும் வீடு ஒன்றுதான். கோடிங் மேல் ஆசையே இல்லை என்று வாயால் சொல்லிவிட்ட பிள்ளைக்காக அந்தப் பத்திரத்தை வங்கியில் வைக்க வேண்டுமா? தவணை கட்டப்போவது உங்கள் அண்ணன் அல்ல.

பி.இ., பி.சி.ஏ. பற்றியெல்லாம் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே பேசித் தீர்த்திருப்பார்கள். நான் சொல்ல வருவது அவர்கள் பேச்சில் வராத வேலை: கேம் (CAM) புரோகிராமர். விளையாட்டு கேம் அல்ல, கணினி வழி உற்பத்தி. ஒரு பாகத்தின் முப்பரிமாண வரைபடத்தைப் பார்த்து, கணினி புரோகிராமில் ஓடும் சி.என்.சி. மெஷினில் எந்த கட்டர், எந்த வழியில், என்ன வேகத்தில் போனால் அந்தப் பாகம் உலோகத்தில் வரும் என்று தீர்மானித்து புரோகிராம் எழுதுபவர். கோவையின் பம்ப் பாகமோ, ஓசூரின் வண்டி பாகமோ, பிளாஸ்டிக் குடத்தின் மோல்டோ, அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் இவர் கை படாமல் வெளியே வராது.

உங்கள் மகளுக்கு இது ஒத்துவருமா என்று இரண்டு மாதத்தில் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம், காசில்லாமல். வரையவும் கட்டர் பாதை போடவும் உதவும் ஃப்யூஷன் மென்பொருளைச் சொந்தப் பயிற்சிக்கு இலவசமாகத் தருகிறார்கள். இலவசப் பதிப்பில் மெஷினின் அதிவேக நகர்வு (ரேப்பிட்) சாதாரண ஃபீடாக, அதாவது கட்டர் வெட்டிக்கொண்டு முன்னேறும் வேகமாக இறங்கிவிடும், ஒரு ஃபைலில் ஒரு டூல்தான் போகும். கற்றுக்கொள்ள அது தடையில்லை.

60-க்கு 40-க்கு 20 மி.மீ. அலுமினியக் கட்டி ஒன்றை வரையச் சொல்லுங்கள். நடுவில் 15 மி.மீ. ஆழப் பள்ளம், மூலைகளில் 5 மி.மீ. ஆரம். இனி யோசிக்க வேண்டியது அவள். மூலை ஆரம் 5 என்றதும் புதியவர்கள் 10 மி.மீ. விட்டமுள்ள எண்ட்மில் கட்டரை எடுப்பார்கள். மூலைக்குள் போனதும் கட்டரின் கால்வாசிச் சுற்று ஒரேயடியாக உலோகத்தில் அழுந்தி, அலறி, சுவரில் அலையடித்த தழும்பை விட்டுவிடும். 8 மி.மீ. எடுத்தால் மூலையை வளைந்து கடக்கும். இதை யாரும் சொல்லாமல் அவளே கேட்டால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்து வேகம். வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, பை மடங்கு விட்டத்தால் வகுத்தால் ஆர்பிஎம். அலுமினியத்துக்கு நிமிடத்துக்கு 250 மீட்டர் என்று வைத்தால், உதாரணத்துக்கு ஒரு 10 மி.மீ. கார்பைடு கட்டருக்கு ஏறக்குறைய 8,000. மூன்று பல், பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் ஃபீட் நிமிடத்துக்கு 1,200 மி.மீ. அதே விட்டத்தில் நான்கு பல் கட்டரை இ.என்.8 ரக இரும்பில் விட்டால் 3,200 ஆர்பிஎம், 640 ஃபீட் என்று இறங்கிவிடும். பிளஸ் டூ கணக்கில் 62 மார்க் என்று வருந்துகிறீர்களே, இந்த வேலைக்கு வேண்டிய கணக்கு இந்த ரகம்தான்.

பள்ளத்தை ரஃப்பிங் (முதலில் மொத்தமாக வெட்டியெடுப்பது) செய்யும்போது கட்டரின் முழு அகலத்தையும் உள்ளே விட்டு 3 மி.மீ. 3 மி.மீ.யாக இறங்குவது பழைய முறை. முனை மட்டும் தேய்ந்து மீதிப் பல் புதுசாகவே குப்பைக்குப் போகும். இப்போது அடாப்டிவ் முறையில் முழு ஆழத்துக்கும் ஒரே தடவையில் இறக்கி, பக்கவாட்டில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வெட்டுகிறார்கள். அப்போது வெட்டி வரும் உலோகச் சுருளின் தடிமன் கணக்குப் போட்டதில் 60 சதவீதமாக மெலிந்துவிடும். ஆகவே 1,200 ஃபீடை 2,000 வரை ஏற்ற வேண்டும். சத்தத்துக்குப் பயந்து ஃபீடைக் குறைத்தால் கட்டர் வெட்டாமல் உரசும், சூடேறும், அலுமினியம் பல்லில் ஒட்டிக்கொள்ளும். பயந்து குறைத்து உடைத்த டூல்கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

சுவரில் 0.3 மி.மீ. விட்டுவைத்துப் பிறகு அதை வழவழப்பாக்கும் ஃபினிஷிங். கட்டர் தன்னைப் பிடித்திருக்கும் ஹோல்டரிலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மென்பொருளின் டூல் பட்டியலில் உள்ளபடியே பதிய வேண்டும். நீட்டம் 30-லிருந்து 45 மி.மீ. ஆனால் கட்டரின் வளைவு ஒன்றரை மடங்கு அல்ல, மூன்று மடங்குக்கு மேல். சுவர் கீழே அகலமாகச் சாய்ந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான். வளைந்த பரப்புக்கு 6 மி.மீ. பால் நோஸ் (உருண்டை முனை) கட்டரை 0.5 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் இரண்டு ஓட்டத்துக்கு நடுவே நிற்கும் வரிமேடு 10 மைக்ரான், 0.2-இல் ஓட்டினால் 2 மைக்ரானுக்கும் கீழே. ஆனால் நேரம் இரண்டரை மடங்கு. எங்கே நிறுத்துவது என்பது வாடிக்கையாளர் கேட்கும் ஃபினிஷையும் மெஷின் மணிக்கணக்கு வாடகையையும் பொறுத்தது.

திரையில் அழகாக ஓடும் சிம்முலேஷனை நம்பிவிடக் கூடாது என்பதையும் அவள் இப்போதே அறியட்டும். பல மெஷின்களில் ஜி00 (வெட்டாமல் அதிவேகமாகப் போகும் கட்டளை) நகர்வு நேர்கோட்டில் போகாது. குறைந்த தூரம் போக வேண்டிய அச்சு முதலில் முடிந்து, பாதை உடைந்து போகும். திரையில், கட்டியைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைத் தொடாத டூல் நிஜத்தில் தட்டும். அறுத்து வரும் துண்டு வரைந்த அளவைவிட 2 மி.மீ. உயரமாக இருந்தால் முதல் வெட்டே ஆழமாகிவிடும். மூன்றாம் டூலுக்கு நான்காம் டூலின் நீளக் கணக்கைப் (ஆஃப்செட்) போட்டால் டூல் கட்டியில் மோதலாம். அதனால்தான் முதல் ஜாப்பை இசட் எனும் மேல்கீழ் அச்சை 50 மி.மீ. தூக்கி காற்றில் ஓட்டிப் பார்த்து, பிறகு ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டும் சிங்கிள் பிளாக்கில், ரேப்பிடை 25 சதவீதத்தில் வைத்து, 'மீதி தூரம்' எண்ணில் கண் வைத்து இறக்குகிறார்கள்.

இதையெல்லாம் செய்துபார்த்துவிட்டு 'போரடிக்குது' என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். என் பேச்சுக்காகவும் அவளைத் தள்ளாதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு 'ஏன் இந்த மூலையில் மட்டும் மிச்சம் நிற்கிறது' என்று உட்கார்ந்திருந்தால், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ நேரடி இரண்டாமாண்டுக்கு விண்ணப்பியுங்கள். பிளஸ் டூ கணிதப் பிரிவு முடித்தவருக்கு இரண்டே வருடம். அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்கள் அண்ணன் சொன்ன தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. பிறகு வேண்டுமென்றால் டிப்ளமோவோடு பி.இ. இரண்டாமாண்டில் சேரும் வழியும் இருக்கிறது. அதுவரை வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கட்டும். கருவியும் அச்சும் செய்யும் 'டூல் அண்ட் டை' என்றே தனிப் படிப்பு வேண்டுமென்றால் மத்திய அரசின் சி.ஐ.டி.டி. (சென்ட்ரல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டூல் டிசைன்) நிறுவனத்தின் சென்னைக் கிளையில் விசாரியுங்கள்.

கசப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். டிப்ளமோ முடித்ததும் ஏ.சி. அறையில் உட்கார வைக்க மாட்டார்கள். முதல் ஒன்றிரண்டு வருடம் மெஷின் முன்னால் நிற்க வேண்டும், கட்டரைக் குளிரவைக்கும் கூலன்ட் நாற்றத்தோடு, குறைந்த சம்பளத்தில். அப்படி நிற்காதவர் எழுதும் புரோகிராமை எந்த ஆபரேட்டரும் நம்பி ஓட்டமாட்டார். இரவு ஷிஃப்ட் உண்டா, வீட்டுக்கு வண்டி விடுவார்களா என்பதை வேலையில் சேருமுன் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.

இன்னொன்று. 'மூன்றே மாதத்தில் மாஸ்டர்கேம் (இன்னொரு கேம் மென்பொருள்), நிச்சய வேலை' என்று போர்டு வைத்த இடங்களில் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். மாணவர் எழுதிய புரோகிராம் அங்கே நிஜ மெஷினில் ஓடுகிறதா, ஓடினால் ஒருவருக்கு எத்தனை மணி நேரம், மெஷினை இயக்கும் கன்ட்ரோலர் எந்தக் கம்பெனி, ஃபானுக்கா சீமென்ஸா என்று மகளையே கேட்க விடுங்கள். பதில் சொல்லாமல் உங்கள் கையில் ஃபீஸ் அட்டவணையைத் தந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.