இயற்கை வேளாண்மைக்கு மாறினால் மட்டும் குமரி மாவட்டத்தின் உணவும் இயற்கையும் நிலைக்குமா?

இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் கைவிட்டாலே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மாற்றம் கட்டாயம் வேண்டும்; ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதற்கும் முன்பாகக் காக்கப்பட வேண்டியவை வயலும், அதற்கு நீர் தரும் குளமும் கால்வாயும்தான் என்பது, தோவாளை வட்டத்தில் நெல் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த என்னுடைய உறுதியான கருத்து.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் கிடைப்பதால் இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைகிறது. திருவிதாங்கூர் ஆட்சியில் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும், பின்னர் வந்த பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளும் கால்வாய்கள் வழியாகக் குளங்களை நிரப்புகின்றன. குளத்து மடையிலிருந்து மேல் வயலுக்குப் பாயும் நீர், அங்கே மிஞ்சியதும் கீழ் வயலுக்கு இறங்கி, வடிகாலாகிப் பழையாற்றில் சேர்ந்து, மணக்குடியில் கடலை அடைகிறது. ஆகவே ஓர் ஏலாவில், அதாவது ஒரே பாசனத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் வயல்பரப்பில், உள்ள வயல்கள் பட்டாவில்தான் தனித்தனி. நீரைப் பொறுத்தவரை அவை ஒன்றே.

இதனால்தான் ஒருவர் மட்டும் இயற்கை வேளாண்மைக்கு மாறுவது இங்கே மிகவும் கடினமாக இருக்கிறது. அவர் எத்தனை கவனமாகப் பயிர் செய்தாலும், மேல் வயலில் இட்ட யூரியாவும் அடித்த மருந்தும் பாசன நீரோடு அவர் வயலுக்கே வந்து சேர்கின்றன. அதைவிடப் பெரிய கேடு, நடுவில் ஒரு வயல் மண்ணிட்டு நிரப்பப்பட்டு வீட்டுமனையாவது. அப்போது கீழே உள்ளவருக்கு நீர் வரும் வழியும், மேலே உள்ளவருக்கு நீர் வடியும் வழியும் ஒருசேர அடைபடுகின்றன. வாழையும் தென்னையும் வைப்பவர்களை நான் குறை கூறமாட்டேன், ஏனெனில் நெல்லில் கூலிக்கும் உழவுக்கும் போக மிஞ்சுவது மிகக் குறைவு. ஆனால் சுற்றிலும் பயிர் மாறிய பிறகு எஞ்சியிருக்கும் ஒற்றை நெல்வயலில்தான் அத்தனை எலியும் பறவையும் வந்து இறங்குகின்றன. ஓரிரு போகம் நட்டம் அடைந்ததும் அந்த வயல்காரரும் நெல்லைக் கைவிடுகிறார்.

இழப்பு அரிசியோடு நிற்பதில்லை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. குளத்துக்கு வரும் நீர்ப்பறவைகளில் பல அருகிலுள்ள வயல்களிலும் இரை தேடுபவை என்பதால், குளத்தை மட்டும் காத்து வயலை இழந்தால் அந்தப் பெருமை ஏட்டளவில்தான் நிற்கும். 2021 நவம்பரில் பெய்த கனமழையில் மாவட்டத்தின் பல பகுதிகள் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, மழைநீர் தங்கிச் செல்ல வயல் எவ்வளவு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

திருவிதாங்கூர் காலத்தில் நம்மோடு ஒரே நாடாக இருந்த பகுதிகளைக் கொண்ட கேரளத்தில், நெல்வயலையும் ஈரநிலத்தையும் காக்க 2008இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். 2020இல், நெல்வயலைப் பேணும் உரிமையாளருக்கு எக்டேருக்கு ஆண்டுதோறும் 2,000 ரூபாய் ஊக்கத்தொகை தரத் தொடங்கினார்கள். தொகை சிறிதுதான். ஆயினும் வயல் ஊருக்கெல்லாம் நீரைச் சேமித்துத் தருகிறது என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன். அத்தகைய ஏற்பாட்டை நம் மாவட்டத்துக்கும் கேட்க வேண்டும்.

அதுவரை காத்திராமல் செய்யக்கூடியதும் உண்டு. கும்பப்பூ அறுவடைக்கும் கன்னிப்பூ விதைப்புக்கும் இடைப்பட்ட கோடையில், ஓர் ஏலாவைச் சேர்ந்தவர்கள் அனைவரும் பேசி ஒரே சமயத்தில் தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் உரப்பயிரை விதைத்து, அது பூக்கும் தருவாயில் மடக்கி உழுதால், அடுத்த போகத்துக்கு யூரியாவின் தேவை பெருமளவு குறையும். குளம் வற்றும் அதே நாள்களில் முறையான அனுமதியோடு வண்டல் எடுத்து வயலில் இடலாம். மண்ணும் வளம் பெறும், குளமும் ஆழமாகும். முதலில் மடைக்கு அருகிலுள்ள மேல் வயல்காரர்களிடம் பேசுங்கள். அவர்கள் இசைந்தால்தான் கீழே உள்ளவர்களின் முயற்சி பலிக்கும்.